கூப்பிட்டுட்டுச் சொல்லு

தங்கை: மணி அடிச்சுச்சா இல்லையாக்கா? அதை மட்டும் சொல்லு.

அக்கா: அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

தங்கை: மாதிரியா? நான் பிரசவத்துக்கே இதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன். நீ மாதிரிங்கிறே.

அக்கா: சரி, அடிக்கல. மூணு நாளா அடிக்கல. உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாம விட்டுட்டேன்.

தங்கை: நல்லாருக்கு போ. வலி வந்து நான் மேல ஒத்தையா கிடப்பேன். நீ தரைக்கு அடியில சோபா உறை தச்சிட்டிருப்பே. அங்க செல்லுக்கு சிக்னல் கிடையாது, தையல் மிஷின் ஓடினா கத்தினாலும் கேக்காது. என் மனசு மட்டும் கஷ்டப்படக் கூடாது.

அக்கா: ஊரு ரேடியோவெல்லாம் ரிப்பேர் பண்றவ செஞ்ச மணியாச்சே, தானா சரியாயிடும்னு நினைச்சேன்.

தங்கை: நான் மேல என் பெட்டியை அழுத்தினா கீழ உன் பெட்டியில மணி அடிக்கணும், அவ்வளவுதானே. உன் பெட்டியை இப்படிக் குடு... இதைத் தொட்டியா?

அக்கா: எதை?

தங்கை: இந்தக் குட்டி சுவிட்ச் ரெண்டையும். ரெண்டும் கீழ இருக்கணும்னு சொல்லித்தானே குடுத்தேன். ரெண்டாவது மேல இருக்கு.

அக்கா: அது சும்மா சும்மா பேட்டரியைத் தின்னுச்சு. ஒண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். அப்புறம் பாரு, சமத்தா இருக்கு.

தங்கை: சமத்தா இல்ல, தூங்குது. ரெண்டும் கீழன்னா முழிச்சிருந்து கேக்கும். ரெண்டாவது மட்டும் மேலன்னா அரைத்தூக்கம். அப்பப்ப கண்ணைத் திறந்து, யாராச்சும் கூப்பிடுறாங்களான்னு பார்த்துட்டு மறுபடி படுத்துக்கும். நான் மேல இருந்து எடுத்த எடுப்புல விஷயத்தைச் சொல்றேன். அது காதுல விழவே இல்ல.

அக்கா: அப்ப ரெண்டையும் மேல தள்ளிடேன்.

தங்கை: வேற வினையே வேணாம். அது செட்டிங் மோடு. வெளிய ஒரு வார்த்தை பேசாது, வெளியில இருந்து வர்றதையும் வாங்காது. கம்ப்யூட்டர்ல மாட்டி நாம போடுற உத்தரவுக்கு மட்டும் தலையாட்டும்.

அக்கா: அப்படி ஒரு சுவிட்ச் உனக்கு இருந்திருந்தா நான் எவ்வளவு நிம்மதியா வளர்த்திருப்பேன்.

தங்கை: சிரிக்க வைக்காதே... ...

அக்கா: என்ன?

தங்கை: ஒண்ணுமில்ல. முதுகு. காலைல இருந்து உக்காந்தே இருக்கேன்ல... நீ என்ன மேஜையில கிறுக்கிட்டிருக்கே?

அக்கா: துணியில கோடு போடுற சாக்குக்கட்டி கையில இருந்தா கை சும்மா இருக்காது. நீ உன் வேலையைப் பாரு. பேட்டரியும் தீரக் கூடாது, மணியும் அடிக்கணும். வழி இருக்கா?

தங்கை: இருக்கு. உன் பெட்டி தூங்கட்டும். என் பெட்டியில முதல் சுவிட்சை மட்டும் மேல தள்ளிடுறேன். அப்ப அது முதல்ல ரெண்டு செகண்டு எந்திரி, எந்திரின்னு கூப்பிடும். உன்னுது முழிச்சப்புறம்தான் விஷயத்தைச் சொல்லும்.

அக்கா: கூப்பிட்டுட்டுச் சொல்லும்.

தங்கை: ஆமா.

அக்கா: உனக்குத் தெரியாத மரியாதை உன் பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கு.

தங்கை: ஆரம்பிச்சுட்டியா.

அக்கா: உன் கல்யாணத்தன்னிக்குக் காய்ச்சல் மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்கேன். போன் வருது. எப்படி இருக்கே, தூங்குறியா, ஒண்ணும் கிடையாது. பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம், வந்துடுன்னு சொல்றே. நான் தூக்கத்துல ம்னேன்.

தங்கை: நீ ம்னதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். பன்னெண்டு வரைக்கும் மாலையைக் கையில வச்சிக்கிட்டு வாசல்லயே நின்னேன், தெரியுமா?

அக்கா: நான் சாயங்காலம் எந்திரிச்சு, கனவுன்னுல்ல நினைச்சேன்.

தங்கை: அதுக்காக, நான் பிரசவத்துக்கு இங்க வர்ற வரைக்கும் பதிமூணு மாசம் பேசாம இருப்பாங்களா?

அக்கா: நீதான் பேசல.

தங்கை: நீதான்... ஸ்ஸ்... ... ...

அக்கா: முதுகா?

தங்கை: முதுகுதான். அப்படிப் பார்க்காதே. போன வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், பொய்வலின்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த நர்ஸம்மா மறுபடியுமான்னு கேட்டது இன்னும் காதுல நிக்குது. அவரும் கப்பல்ல இருக்கார். தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு.

அக்கா: நான் ஒண்ணுமே கேக்கலையே.

தங்கை: இந்தா, மூடியாச்சு. உன்னுது ரெண்டாவது மேல. என்னுது முதல்ல இருக்கிறது மேல. இனிமே பேட்டரி மேல பாசம் வந்தாலும் இதுல கை வைக்காதே.

அக்கா: வைக்கல தாயே. கீழ கொண்டு போறேன். நீ எப்ப அழுத்துவே?

தங்கை: நீ போய்ச் சேரு, அழுத்துறேன். அடிச்சா மட்டும் அடிச்சுச்சுன்னு சொல்லணும்.

அக்கா: சத்தியமா... ... ஏய், கீழ வந்துட்டேன். கேக்குதா?

தங்கை: படிக்கட்டு வழியா நல்லாவே கேக்குது. கதவைச் சாத்திக்கோ.

அக்கா: சாத்துறேன். மெதுவா அழுத்து, அவசரமில்ல.

தங்கை: ... ... ...

அக்கா: அடிச்சுச்சு. அடிச்சுச்சுடி. விளக்கும் எரிஞ்சுச்சு. மூச்சு வாங்குது இரு, ரெண்டு ரெண்டு படியா ஏறி வந்தேன். நிஜமாவே அடிச்சுச்சு.

தங்கை: அக்கா...

அக்கா: சொல்லு.

தங்கை: அது சோதனைக்கு அழுத்தினது இல்லக்கா. பயமா இருக்கு.

அக்கா: தெரியும். காலைல இருந்து நீ வலியில ஸ்க்ரூடிரைவரைக் கீழ வச்சப்பல்லாம் இந்த மேஜையில ஒரு கோடு போட்டு, பக்கத்துல மணி எழுதிட்டு வர்றேன், பாரு. பதினோரு கோடு. முதல்ல கால் மணிக்கு ஒண்ணு, இப்ப ஏழு நிமிஷத்துக்கு ஒண்ணு. எந்த நர்ஸம்மாவும் இதைப் பொய்வலின்னு சொல்ல முடியாது. உன் ஆஸ்பத்திரிப் பையை அப்பவே வண்டியில வச்சுட்டேன். கீழயும் வண்டிச் சாவியைக் கையில வச்சிக்கிட்டுத்தான் நின்னேன், இந்த ஒரு தடவையாச்சும் நீயா என்னைக் கூப்பிடுவியான்னு. என் தோளைப் பிடிச்சுக்கோ, வா.