முதுகில் திறப்பு இல்லாத ரோபோ

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை யாரும் தூக்கிப் போடாதீர்கள். அதைவிட நல்ல அட்டை கிடைக்காது. டிவி பெட்டி பார்க்கத்தான் பெரிது, மடித்தால் பல்லை இளித்துவிடும். ஃப்ரிட்ஜ் அட்டை சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தப் பொருள்களையெல்லாம் விற்கும் கடையின் கிடங்கில் வேலை பார்ப்பவன் நான், அட்டையைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம். மற்றதையும் நம்புவீர்கள் என்றுதான் நினைக்கிறேன் சார். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், நானும் அவசரமில்லாமல் சொல்கிறேன்.

செத்துப்போனவன் என் மைத்துனன். என் மனைவியின் ஒரே தம்பி. வீட்டில் அவனுக்கு ஹீரோ என்று பெயர், வைத்தது அவன் அக்கா. உயரம், தோள், சிரிப்பு என்று எல்லாவற்றையும் கடவுள் அவனுக்கு அள்ளிக் கொடுத்திருந்தார். எனக்குக் கைவிரல்களை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற விஷயங்களில் சிக்கனம் பிடித்துவிட்டார். ஆகவே வருடா வருடம் ஊரில் நடக்கும் வேடப்போட்டிக்கு ரோபோ உடையை நான் செய்வது, அவன் மாட்டிக்கொண்டு மேடையில் நடப்பது என்று ஓர் ஏற்பாடு. நடப்பதும் கஷ்டமான வேலைதானே, நான் குறை சொல்லவில்லை.

போன வருடம் முதல் பரிசு வந்தது. மைக்கை நீட்டி, யார் செய்தது என்று கேட்டார்கள். ஹீரோ வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"நான்தாங்க. அத்தான் கொஞ்சம் ஒட்டிக் குடுத்தாரு."

கொஞ்சம். என் கட்டைவிரலில், சூட்டுக்காற்று அடிக்கும் ஹீட் கன் சுட்ட தழும்பு இருக்கிறது, பாருங்கள். அதுவும் அந்தக் கொஞ்சத்தில் அடக்கம். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். என் முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

"வெறும் அட்டைதானே அத்தான். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு."

என் மனைவியும் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்த வருடத்து ரோபோவை நான் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உள்ளே அட்டை, மேலே ஃபோம். ஃபோமுக்குச் சூடு காட்டினால் இளகும், அப்போது வளைத்துப் பிடித்தால் ஆறிய பிறகு அப்படியே நிற்கும். வெள்ளிப் பெயிண்ட் அடித்து, மூட்டுகளில் பஞ்சால் ஒற்றித் துரு கொண்டுவந்தேன். கிடங்குக் காவலாளி தட்டிப் பார்த்துவிட்டு, "தகரமா இது?" என்றார். என்னைப் பாராட்டிய ஒரே மனிதர் அவர், அவரை விசாரணைக்கெல்லாம் அலைய வைக்காதீர்கள்.

இந்த மாதிரி உடைகளில் முதுகுப்பக்கம் ஒரு திறப்பு வைப்போம். வெல்க்ரோ போட்டிருக்கும், உள்ளே இருப்பவன் முக்கித் தள்ளினால் பிரிந்துவிடும். ஹீரோ கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"முதுகுல கோடு தெரியுதே அத்தான். எந்த ரோபோவுக்காவது முதுகுல கதவு இருக்குமா? சிரிக்க மாட்டாங்க?"

கேட்டது அவன். நான் யார், மறுப்பதற்கு? போட்டியன்று அவன் உள்ளே நுழைந்ததும் வெல்க்ரோவை எடுத்துவிட்டு, திறப்பைப் பசை வைத்து ஒட்டி, மேலே ஒரு ஃபோம் பட்டை வைத்துப் பெயிண்டும் பூசிவிட்டேன். ஒட்டினது எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம்.

"வெளிய எப்படி வர்றது?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"நான்தான் பக்கத்துலயே நிக்கப் போறேனே. கட்டரால ஒரு கோடு கிழிச்சா முடிஞ்சுது."

இதுவும் வழக்கம்தான். வேடம் போட்டவனுக்குத் துணையாள் என்று ஒருவன் கூடவே நிற்க வேண்டும். தண்ணீர் கொடுப்பது அவன், அவசரத்துக்கு வெட்டி எடுப்பதும் அவன். ஹெல்மெட்டை மாட்டிக் கழுத்தோடு ஒட்டிவிட்டால் அது தனியாகக் கழலாது, உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு சைகை உண்டு. நெஞ்சில் மூன்று முறை தட்டினால், போதும், என்னை வெளியே எடு என்று அர்த்தம். ஹெல்மெட்டுக்குள் காற்றுக்காக ஒரு சின்ன ஃபேனும் இருக்கும். அதன் சுவிட்சை அழகு கருதி வெளியே கழுத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். போட மறந்துவிட்டேன். வேலை மும்முரம் சார், உங்களுக்குத் தெரியாததா?

அவன் மேடை ஏறுமுன் அறிவிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "இந்த ரோபோ நெஞ்சுல மூணு தட்டு தட்டும். அப்ப ஜனங்களும் கை தட்டுனா நல்லா இருக்கும்." நல்ல மனுஷன், மைக்கில் அப்படியே சொல்லிவிட்டார்.

விளக்கு வெளிச்சத்தில் நெஞ்சுப் பலகை மின்னியது. ஹீரோ நடந்தான், திரும்பினான், கை தூக்கினான். கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சில் மூன்று தட்டு தட்டினான். அரங்கமே மூன்று முறை கை தட்டியது. மறுபடி தட்டினான். இன்னும் பலமாகத் தட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள். அந்த அளவுக்கு அவனுக்கு அதுவரை கைதட்டல் கிடைத்ததே இல்லை. ரோபோ முழங்கால் மடிந்து உட்கார்ந்ததும் விசில் வேறு.

நடுவர்கள் மேடை ஏறி அவனைச் சுற்றி வந்தார்கள். அதில் ஓர் அம்மா தோள் மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருங்க இதைச் செஞ்சது?" என்றார். பதில் சொல்லும் நிலையில் ஹீரோ இல்லை. நான் கையைத் தூக்கினேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சொன்னேன். அட்டையைப் பற்றி, சூட்டைப் பற்றி, துருவைப் பற்றி.

என் மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, அவன் என்னமோ மாதிரி இருக்கான். கழட்டி விடுங்க."

"நடிப்புடி. உன் தம்பி பெரிய நடிகனாச்சே."

"கட்டர் எங்கங்க? குடுங்க!"

"கார்ல வச்சுட்டேன் போலிருக்கு."

வெளியே வண்டி நிற்கும் இடத்துக்கு ஓடினாள். பாவம், ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது. கட்டர் என் சட்டைப்பையில் இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்தார்களே, அதேதான்.

தட்டும் சத்தம் எனக்குக் கேட்டதா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கேட்டது. கூட்டத்துக்குத்தான் அது ஆட்டம், எனக்கு அது என்னவென்று தெரியும். முதலில் மூன்று மூன்றாகக் கேட்டது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. நான் அந்த அம்மாவுக்கு முழங்கை மூட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கோடு கிழித்திருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான். நான் கிழிக்கவில்லை. தெரிந்தேதான் கிழிக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மனைவி என்னோடு பேசுவதில்லை. அது அவள் பாடு, காலப்போக்கில் புரிந்துகொள்வாள். என் மனதை அறுப்பது வேறு. ஆம்புலன்ஸில் வந்த பையன்கள் கத்திரிக்கோலை வைத்து நெஞ்சுப் பலகையைக் கண்டபடி கிழித்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், முதுகில் எந்த இடத்தில் வெட்டினால் திரும்ப ஒட்டலாம் என்று காட்டியிருப்பேனே சார்.