மூடின இலையும் ஒரு வடையும்

விழுப்புரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திண்டிவனம் ரயிலேறிய ஒருவர், கூட வந்த மச்சானிடம் பெட்டியே திரும்பிப் பார்க்கும் குரலில் கேட்டார்: "இலையை மூடிட்டா சாமிக்குத் தெரியாதா மச்சான்?"

"யாரைச் சொல்றீங்க மாமா?"

"ஓட்டல்ல பக்கத்து இலைக்காரனைத்தான். பாதிச் சோத்தை வெச்சு மூடிட்டான். யுத்த காலத்துல ரேஷன் அரிசிக்கு நாம வரிசையில நிக்கிறோம். விடுவேனா? கை கழுவுற இடம் வரைக்கும் போய்த் திட்டிட்டு வந்தேன்."

"பார்த்துக்கினுதான் இருந்தேன்."

"அதுக்குள்ள சர்வர் என் இலையை எடுத்துட்டான், பேஜாரு! கடைசியா தின்னலாம்னு வடையை வெச்சிருந்தேன். குப்பைக்குப் போயிடுச்சு."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போகலை மாமா. வீணாப் போனா சாமி உங்களைச் சும்மா விடாதேன்னு நான்தான் எடுத்துத் தின்னுட்டேன்."