பிரேக் சோதனையில் தேறிய லோரி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இராணுவ லோரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஆட்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவர் சொன்னார்:

“மவனுக்கு போன் போட்டு, நாளைக்கு வயித்து வலின்னு சொல்லிப் படுத்துக்கடான்னுட்டேன்.”

“ஏண்ணே? நாளைக்கு அவன் ஆர்மி கேம்ப்ல எல்லாரும் கேமரன் மலைக்குப் பயிற்சிக்குப் போறாங்களே?”

“நம்ம அனுப்புன லோரியிலதான் போறாங்க.”

“அது பிரேக் டெஸ்ட்ல பாஸ் ஆனதாச்சே!”

“எங்க டெஸ்ட் பண்ணோம்? குவாலிட்டி ஆடிட்டர் வந்தா எப்பவும் அந்த ஒரு நல்ல லோரியத்தான் ஓட்டிக் காட்டுறோம். மத்ததெல்லாம் ஓட்டாமலே சும்மா பாஸ்னு எழுதிடுறதுதான்லா.”

“கையெழுத்து யாரு போட்டது?”

“நான்தான். போடலன்னா மொதலாளி வேற ஆள வைப்பாரு.”

“அப்ப மத்த பிள்ளைங்க, அண்ணே? அவங்களுக்கு மட்டும் வயித்து வலி வராதா? கேம்புக்கு போன் போட்டுச் சொல்லுங்க. இந்தாங்க, என் போன்.”

மூத்தவர் போனை வாங்கவில்லை.

“அவங்கள அவங்கவங்க அப்பன் பாத்துக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுதிய நாள்: தைப்பூசத்துக்கு மறுநாள்.