அண்டாவில் கொண்டுவந்த திமிர் மீன்

செல்லியம்மாள், வயது சுமார் 32, க/பெ ராஜவேலு, பழவேற்காடு முகத்துவாரம், பொன்னேரி வட்டம். 1973-ஆம் வருடம், ஏட்டு சடையப்பன் விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி விலாசத்தில் வசிக்கிறேன். ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பது தொழில். என் கணவர் கரையோர ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்க்கிறார். நேற்றுக் காலை நானும் பக்கத்து வீட்டு அங்காளம்மாளும் கூடையைப் பல்லில் கடித்தபடி இரண்டு கையாலும் அடிமண்ணைத் தடவிக்கொண்டு போனோம். அப்போது அங்காளம்மாள் கூடையை விட்டுவிட்டு, "யக்கா, கரண்டு" என்று சொல்லிக் குப்புற விழுந்தாள். தூக்கப் போன எனக்கும் கால் உதறவே பயந்து பின்வாங்கினேன். மோட்டார் ஒயர் தண்ணீரில் கிடக்கிறதென்று கரையிலிருந்தும் யாரும் இறங்கவில்லை. ஆள் ஓடி மோட்டாரை நிறுத்துவதற்குள் இடுப்பளவுத் தண்ணீரில் அவள் செத்துப்போனாள். ஒயரைக் கவனிக்காமல் கொன்றதாக என் கணவரை லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள்.

மோட்டாருக்கு நேற்றே போலீசார் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இருந்தும் இன்று காலை அதே இடத்தில் கால் வைத்தபோது பழையபடி உதறியது. அதன் பிறகு வலையால் அரித்ததில் திமிர் மீன் கிடைத்தது. அது தொட்டால் ஷாக் அடிக்கும் திருக்கை. வெளிக்கடல் பாறையில் கிடக்கும் சாதி, ஏரிக்குள் நான் பார்த்ததே இல்லை. இன்னொன்று தேடினாலும் கிடைக்காது.

அதன் பிறகு அண்டாவில் கடல்தண்ணீர் ஊற்றி, மீனை அதில் விட்டு, பஸ்ஸில் கொண்டுவந்தேன். சாட்சிக்கு ஆகட்டும் என்று வழியில் எல்லோரையும் தொடச் சொன்னேன். கண்டக்டருக்குத் தோள்பட்டை வரை ஏறியது. மீன் வியாபாரி நூர் அகமது பாய்க்கு முழங்கை வரை. டீக்கடைக்காரர், "இன்னாம்மா, எறும்பு கடிச்சா மாதிரிதான் கீது" என்றார். தொடத் தொட மீனுக்கு ஷாக் குறைகிறதென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு யாரையும் தொட விடவில்லை.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அய்யா இல்லை, கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தார். ஏட்டையாவிடம், "ஒரு தபா கைய வச்சிப் பாரு சாமி, அப்பால எழுதிக்க" என்று கெஞ்சினேன். முதலில் பேர், ஊர் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல மீன் மூச்சு வாங்குவது குறைந்துகொண்டே வந்தது. இதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அய்யா வந்து அண்டாவில் கை வைத்தார். மறு கையையும் வைத்தார். ஒன்றும் இல்லை என்றார்.

படித்துக் காட்டியதைக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, பொய் கலக்கவில்லை. மீன் உயிரோடுதான் வந்தது.

செல்லியம்மாள், இடது பெருவிரல் ரேகை.