ஒரு வண்டி அகலத்துக்குக் காய்ந்த புல்

மெர்ல்: ...பாத்து, பாத்து! அங்க கால வெக்காதீங்க தம்பி, சேறு.

ஜேரட்: மழையே பெய்யலையே! பெர்த் நகரத்துலேருந்து நாலு மணி நேரம் ஓட்டிட்டு வரேன், வழியெல்லாம் புழுதி. உங்க முற்றத்துல மட்டும் எப்படிச் சேறு?

மெர்ல்: குழாய் ஒடைஞ்சு போச்சு.

ஜேரட்: என் பூட்ஸ் வேற புதுசு...

மெர்ல்: அழகா இருக்கு. வீட்டுக்காரி வாங்கிக் குடுத்ததா?

ஜேரட்: பொறந்த நாளுக்கு. சரி, விஷயத்துக்கு வருவோம். உங்க பிக்கப் வண்டியை மறுபடி ஒரே ஒரு தடவை பாத்துட்டு வான்னு அதைச் செஞ்ச கம்பெனி அனுப்பியிருக்கு. இன்னிக்கு நான் எழுதறதுதான் கடைசி. இவர் யாரு?

நெவில்: நெவில். பக்கத்துப் பண்ணை. டிசம்பர்ல எரிஞ்சது என் வயல்தான். எண்பது ஹெக்டேர் கோதுமை.

ஜேரட்: ஓ... அப்போ இவங்க மேல உங்களுக்குக் கோவம் இருக்கணுமே.

நெவில்: இருக்கணும்தான்.

ஜேரட்: வேலி ஓரமா நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்களே, ஏழெட்டுப் பேர்... அவங்க?

மெர்ல்: அக்கம்பக்கத்துக்காரங்க. சும்மா வெயில் காயறாங்க.

ஜேரட்: மடியில கேக் தட்டோடயா?

நெவில்: எங்க ஊர்ல வெயில் காஞ்சா பசிக்கும்.

ஜேரட்: ஹூம். இதோ பாருங்க மெர்ல், முதல் அறிக்கையை எழுதினதும் நான்தான். மறைக்க ஒண்ணும் இல்ல. அறுத்த வயல்ல, காஞ்ச தாள் மேல பிக்கப்பை நிறுத்தினீங்க. அடியில சூடு. தாள் பத்திக்கிச்சு. "ஓட்டுநரின் கவனக்குறைவு." அவ்வளவுதான்.

மெர்ல்: அந்த ரெண்டு வார்த்தை என்ன பண்ணுச்சு தெரியுமா?

ஜேரட்: நான் என்ன...

மெர்ல்: இருபத்திரெண்டு வருஷம் இந்த ஊர் தீயணைப்புப் படைக்கு நான்தான் கேப்டன். சம்பளம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்தக் காகிதம் வந்த வாரம் மஞ்சள் சட்டையைக் கழட்டிப் படை ஆபீஸ் மேசை மேல வெச்சுட்டு வந்தேன். தீ வெச்சவளே தீ அணைக்கறவளாம்னு கடைத்தெருவுல சிரிச்சாங்க. எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். அந்த ரெண்டு வார்த்தையை எடுங்க, போதும்.

ஜேரட்: வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கையேட்டுல முன்னூத்திப் பதினெட்டாம் பக்கம் தெளிவாப் போட்டிருக்கு. காஞ்ச புல் மேல நிறுத்தக் கூடாது.

நெவில்: கோதுமை வயல்ல புல்லும் தாளும் இல்லாத எடம் எது? மரத்து மேல நிறுத்தணுமா?

மெர்ல்: இரு நெவில். தம்பி, நான் சொல்றது சரியான்னு பாருங்க. புகைக் குழாயில ஒரு ஃபில்டர். டீசல் கரியைப் புடிச்சு வெச்சுக்கும். நெறைஞ்சதும் தானே சூடேறி, அந்தக் கரியை எரிச்சுத் தள்ளும். அப்போ உள்ள அறுநூறு டிகிரி. சரியா?

ஜேரட்: பாடப் புத்தகம் மாதிரிச் சொல்றீங்களே!

மெர்ல்: நாலு மாசமா வேற என்ன வேலை எனக்கு? சரி, அது எரியறப்போ ஓட்டறவங்களுக்கு எப்படித் தெரியும்? முன்னால ஒரு விளக்கு எரியுமா? மணி அடிக்குமா?

ஜேரட்: இல்ல... இந்த மாடல்ல அதெல்லாம் இல்ல. ஆனா கவனமா ஓட்டறவங்களுக்குத் தெரியும். இன்ஜின் சத்தம் மாறும். ஒரு வாடை வரும். அனுபவம் இருந்தா போதும்.

நெவில்: உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?

ஜேரட்: பதினாறு.

நெவில்: அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிரும்.

ஜேரட்: கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். சாவியைக் குடுங்க, நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடறேன்.

மெர்ல்: தாராளமா! தானியக் கிடங்கு வரைக்கும் போய்த் திரும்புங்க. போக வர பன்னிரண்டு கிலோமீட்டர். நல்ல ரோடு.

ஜேரட்: வந்து எங்க நிறுத்தணும்?

மெர்ல்: அது உங்க இஷ்டம் தம்பி. நான் எதுக்குச் சொல்லணும்? கையேடு உங்களுதாச்சே.

நெவில்: ...போயிட்டான். மெர்ல், மீட்டர்ல என்ன இருந்துச்சு?

மெர்ல்: போன தடவை ஃபில்டர் கரியை எரிச்சதுக்கு அப்புறம் முன்னூத்தி முப்பத்திமூணு கிலோமீட்டர் ஓடியிருக்கு.

நெவில்: எத்தனையில எரியும்?

மெர்ல்: முன்னூத்தி நாப்பது. அடியில அடுப்புத் தெர்மாமீட்டர் கட்டி நாலு மாசமா எழுதி வெச்சிருக்கேன். அஞ்சு கிலோமீட்டர்கூட முன்னப்பின்ன ஆனதில்ல.

நெவில்: அப்போ போறப்போ இல்ல, திரும்பறப்போ...

மெர்ல்: வாயை மூடு. இவ்வளவு தூரம் வந்துட்டு உன் வாயால கெட வேண்டாம்.

நெவில்: எத்தனை தடவை அந்த ரோட்டையே பாப்பே?

மெர்ல்: பாக்காம இருப்பேனா? இன்னிக்கு இல்லன்னா என்னிக்கும் இல்ல. இந்தப் பட்டத்தோடயே நான் செத்துப் போவேன். நெவில்... உன் வயல்தானே எரிஞ்சுது. நீ ஏன் என் பக்கம் நின்னே?

நெவில்: அன்னிக்கு அறுவடை எந்திரத்துல பெல்ட் அறுந்துச்சுன்னு யாருக்கு போன் பண்ணேன்? உனக்கு. டவுனுக்குப் போய்ப் புது பெல்ட்டை வாங்கிக்கிட்டு அம்பது கிலோமீட்டர் ஓடி வந்தே. வந்தவளைக் குத்தம் சொன்னா எனக்குச் சோறு எறங்குமா?

மெர்ல்: இப்போ அழ வெக்காத. அதோ... வரான்.

நெவில்: சேத்துப் பக்கம் பாக்கறான்... பூட்ஸைப் பாக்கறான்...

மெர்ல்: வாங்க தம்பி! எப்படி இருந்துச்சு?

ஜேரட்: வெண்ணெய் மாதிரி ஓடுது! ஒரு குறையும் இல்ல. சுத்தி ஒரே சகதி, நல்லவேளை இந்த ஒரு எடம் காஞ்சு கெடந்துது.

மெர்ல்: ஃபில்டர் எரிஞ்சுதா?

ஜேரட்: இல்ல. எரிஞ்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்.

நெவில்: சத்தம்? வாடை?

ஜேரட்: ஒண்ணுமே இல்லைங்க.

மெர்ல்: அப்போ அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்களேன். நேரத்தையும் சேத்து. எனக்கும் மனசு ஆறும்.

ஜேரட்: ஓ, போடலாமே. "பதினொன்று பத்து. பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். எரிப்பு நடக்கவில்லை." போதுமா?

மெர்ல்: போதும். டீ ஆறுது, குடிங்க.

ஜேரட்: நன்றி. பால் கொஞ்சம்... யாரோ ரொட்டியைக் கருக்கறாங்க போல.

நெவில்: ரொட்டியா? இங்க யாரும் அடுப்பே பத்த வெக்கலையே.

ஜேரட்: இல்ல, கருகற வாடை நல்லாவே வருது... வேலிக்காரங்க எல்லாரும் ஏன் எழுந்து நிக்கறாங்க?

மெர்ல்: திரும்பிப் பாருங்க.

ஜேரட்: புகை! வண்டிக்கு அடியில புகை! மெர்ல், தீ... தீப்...

மெர்ல்: கத்தாதீங்க! ஏறி வண்டியை எடுங்க. முன்னால, நேரா, சேத்துக்குள்ள! இன்னும்... இன்னும்... நிறுத்துங்க! எறங்கி இந்தப் பக்கம் வாங்க. நெவில், பம்பு! முதல்ல வண்டி அடியில... இப்போ புல்லு. ஓரத்துலேருந்து உள்ள கொண்டு வா. உள்ள! அவ்வளவுதான். நிறுத்து.

நெவில்: நாப்பது விநாடி, கேப்டன்.

மெர்ல்: போன வருஷம் முப்பத்தஞ்சுல முடிப்போம். வயசாகுது உனக்கு.

ஜேரட்: நான்... எனக்கு... என்ன ஆச்சு?

மெர்ல்: உங்க பெட்டியில கம்ப்யூட்டர் இருக்குல்ல? அதை மாட்டிப் பாத்துச் சொல்லுங்க.

ஜேரட்: ...அறுநூத்திப் பத்து டிகிரி. எரிப்பு... பாதியில நின்னிருக்கு.

நெவில்: எப்போ ஆரம்பிச்சுதாம்?

ஜேரட்: பத்து அம்பத்தெட்டு. நான்... ஓட்டிக்கிட்டு இருந்தப்போ.

மெர்ல்: தெரியலையா தம்பி?

ஜேரட்: எப்படித் தெரியும்? ஒரு விளக்கு எரியல, ஒரு மணி அடிக்கல! யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க!

மெர்ல்: இன்னொரு தடவை சொல்லுங்க. வேலிக்கு அந்தப் பக்கம் சரியாக் கேக்கலையாம்.

ஜேரட்: யாரா இருந்தாலும்... ஏமாந்துதான் போவாங்க.

நெவில்: கேட்டீங்களாப்பா எல்லாரும்?

மெர்ல்: அதைத்தான் டிசம்பர்ல உங்ககிட்ட சொன்னேன். நீங்க பக்கம் முன்னூத்திப் பதினெட்டைக் காட்டினீங்க.

ஜேரட்: நானே காஞ்ச புல் மேல... ஐயோ. மெர்ல், உண்மையைச் சொல்லிடறேன். நீங்க பதினாலாவது ஆளு.

மெர்ல்: பதினாலா? மத்த பதிமூணு பேருக்கும்?

ஜேரட்: அதே ரெண்டு வார்த்தைதான். மேலேருந்து அனுப்பின வாசகம். நான் நிரப்பிக் குடுத்தேன்.

மெர்ல்: பேனாவை எடுங்க. இன்னிக்கு உங்க சொந்த வாசகமா எழுதுங்க. மத்தவங்க பேரையும் சேத்து.

ஜேரட்: "ஓட்டுநர் மீது தவறில்லை. பதினாறு ஆண்டு அனுபவம் உள்ளவராலும் எரிப்பு நடப்பதை உணர முடியவில்லை. எச்சரிக்கை விளக்கு தேவை. முன்பு இதே முடிவு எழுதப்பட்ட பதிமூன்று வண்டிகளையும் மீண்டும் ஆராய வேண்டும்." கையெழுத்தும் போட்டாச்சு. வேலை போனா போகட்டும்.

நெவில்: வேலி ஓரமா கை தட்டறது உங்களுக்கும் சேத்துத்தான் தம்பி. மெர்ல், இந்தா.

மெர்ல்: என்ன இது?... என் சட்டை. நீ துவைச்சிருக்கே!

நெவில்: இஸ்திரியும் போட்டிருக்கேன். மாட்டு. நாலு மாசமா அந்த மேசைகிட்ட யாரும் போகல, அந்த நாற்காலியில யாரும் உக்காரல.

மெர்ல்: படுபாவிகளா... சொல்லவே இல்லையே ஒருத்தரும்.

ஜேரட்: ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ஊர் எல்லையில ஒரு போர்டு பாத்தேன். இந்த மாசம் அனுமதி இல்லாம தீ வெச்சா வழக்குன்னு. வண்டியை நிறுத்தினது நான்! தீ அதிகாரி யாரு இங்க? நான் முதல்லயே போய்ச் சொல்லிடறேன்...

நெவில்: சொல்லுங்க. நான்தான்.

ஜேரட்: நீங்களா!

நெவில்: பயப்படாதீங்க, அனுமதிச் சீட்டு இருக்கு. படிச்சுப் பாருங்க.

ஜேரட்: "இடம்: மெர்ல் வீட்டு முற்றம். அளவு: ஆறு மீட்டருக்கு நாலு மீட்டர் புல். சுற்றிலும் தரை நனைக்கப்பட்டது. பம்பு தயார். அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் சொல்லப்பட்டது. நேரம்: காலை பதினொன்று முதல்." இதுல நேத்துத் தேதி போட்டிருக்கே! "எரிப்பவர்..." இது... இது என் பேரு!

மெர்ல்: பேரு சரியா இருக்கா தம்பி? நேத்து சாயங்காலம் பூரா அந்த ஒடையாத குழாயைப் புடிச்சு, ஒரு வண்டி அகலத்தை மட்டும் விட்டுட்டு முற்றம் முழுக்க நனைச்சேனா, எழுதறப்போ கை ஓஞ்சு போச்சு.