காதுக்குக் காவல்

டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். சொல்லலாமா, அவர்களாகச் சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? இரண்டு வாய் குடித்துவிட்டார்கள். இனி நான் சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும்.

எதிரே சோபாவில் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓடியது இதுதான். எதற்காக மாடி ஏறி வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இல்லை. அவள் சோபாவின் வலது ஓரமாக உட்கார்ந்தாள், இடது காது எங்கள் இருவர் பக்கமும் இருக்கும்படி. வலது காது போய்விட்டது. இடது காதிலும் பாதிதான் மிச்சம், அந்தப் பாதியிலும் ஓயாமல் ஒரு ரீங்காரம். முகத்தைச் சுளிக்காமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். யாருடைய மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிறவள். எல்லாமே அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

நானும் அவளும் செய்த மென்பொருளின் பெயர் இழை. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதை வைத்து ஒலியை உருவாக்கலாம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்று சுருதி கொடுக்கும், ஒன்று எதிரொலி சேர்க்கும், ஒன்று சத்தத்தைக் கூட்டும் குறைக்கும். பெட்டிக்குப் பெட்டி ஒரு கம்பியை இழுத்து மாட்டினால் ஒலி அதன் வழியே ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

உள்ளே ஒலியைக் கணக்கிடும் இயந்திரம் முழுவதும் என் எழுத்து. அதில் எங்கே என்ன கோளாறு என்று கேட்டுச் சொல்கிறவள் அவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் என் அறை வாசலில் நின்று, "அக்கா, அந்தச் சத்தத்துக்கு அடியில ஏதோ கொறிக்குது, எலி மாதிரி" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் தேடிக் கண்டுபிடித்தேன். எலி இருந்தது. அன்றிலிருந்து அவள் பெயர் காது.

தம்பிக்குக் கண்ணாடிக் கடை. சங்கீதத்துக்கும் அவனுக்கும் வெகு தூரம். "ரெண்டு பேரும் நாள் பூரா கம்பியைப் பிடுங்கி மாட்டுறீங்க. கரெண்டு வேலைக்குப் போனா தெருவுக்காவது பிரயோஜனம்" என்பான். "உங்களுக்குக் காது எதுக்குன்னு இன்னும் தெரியல. மூக்குக்கண்ணாடி மாட்டத்தான்னு நெனச்சிட்டு இருக்கீங்க" என்பாள் அவள். நான் சிரிப்பேன். அந்த நாட்களில் நான் நிறையச் சிரித்திருக்கிறேன். தனியாக இருந்து பழகியவளுக்கு, தான் செய்வதை ஒருத்தி காது கொடுத்துக் கேட்கிறாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

அவள் வேலை செய்யும் முறை ஆபத்தானது. மெல்லிய கோளாறுகளைப் பிடிப்பதற்காக ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சத்தத்தை முழுக்க ஏற்றிவிடுவாள். எதிரொலிப் பெட்டியின் கம்பியைத் தவறி அதற்கே திருப்பி மாட்டிவிட்டால் ஒலி தன்னைத் தானே தின்று வளரும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டது. அன்று மாலை முழுவதும் தலையணையில் காதை அழுத்திப் படுத்திருந்தாள். அடுத்த நாளே நான் காவலை எழுதினேன். ஒலி வெளியே போகும் வாசலில் நிற்கும் ஒரு பெட்டி அது. கடந்த கணத்தின் சராசரிச் சத்தத்தோடு புதிய சத்தத்தைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் அழுத்திவிடும். "இனிமே உன் காதுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு" என்று சொன்னேன். இதை நான் சொல்லாமல் விட்டாலும் அவள் சொல்லிவிடுவாள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒருநாள், முகம் தெரியாத ஒருவர் எனக்கு எழுதினார். புதிய இழை அருமையாக வந்துகொண்டிருக்கிறதாம். பழைய இயந்திரத்தைத் தூக்கிவிட்டது நல்ல முடிவாம். எப்போது வெளியிடுவீர்கள் என்று கேட்டிருந்தார்.

தேடிப் போனேன். எதுவும் மறைத்து வைக்கப்படவில்லை. எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் பல மாதங்களாக இருந்திருக்கிறது. நான் மட்டும் பார்க்கவில்லை. எங்கள் உலகில் இதை ஃபோர்க் என்பார்கள். ஒருவர் செய்ததைப் பிரதி எடுத்துக்கொண்டு தனிவழி போவது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து ஐந்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் காது. அவள் அவர்களுக்கு எழுதியிருந்தது இது: "அக்கா எழுதினதை அக்காவைத் தவிர யாராலும் தொட முடியாது. அவங்களுக்குப் பிறகு இது செத்துடும். சொன்னா வலிக்கும். முடிச்சுட்டு நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

பக்குவமாக. அந்தச் சொல்லைப் பலமுறை படித்தேன். அன்றும் கீழே சாப்பிடப் போனேன். "அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க, கணக்குப் போட்டே எளைச்சுட்டாங்க" என்று தம்பியிடம் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த கரிசனத்தில் எங்காவது அடியில் ஏதாவது கொறிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். எனக்குக் காது போதாது.

என் எழுத்து அத்தனையையும் எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். காவலை. அது ஒருநாளும் தவறியதில்லை என்று அதன் மேலே ஒரு குறிப்பு. அவள் எழுதியது.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அது என் சுபாவம். இதில் தவறு இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு பாட்டு ஆசிரியையிடமிருந்து புகார் வந்தது. அவர் பழைய இழையை வகுப்பில் பயன்படுத்துகிறார். ஒருநாள் ஸ்பீக்கர் திடீரென்று அலறியதாம், காவல் தடுக்கவில்லையாம், மறுபடி முயன்றால் வரவில்லையாம். ஒரு காலைப்பொழுதில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். சுருதியைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுக் கம்பியைப் பிடுங்கினால், காவலுக்குள்ளேயே ஓரிடத்தில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேர்கிறது. அப்போது கம்ப்யூட்டர் தரும் விடை எண்ணே அல்ல. எண்ணின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேறொன்று. அதனோடு எதைக் கூட்டினாலும் அதுவாகவே ஆகிவிடும். எல்லையைத் தாண்டிவிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லும். காவலின் சராசரிக்குள் அது ஒருமுறை நுழைந்துவிட்டால் போதும். இழையை மூடித் திறக்கும்வரை காவல் குருடுதான். வெளியே அதற்கு ஒரே ஒரு அடையாளம்: நுழையும் கணத்தில் மெல்லியதாக ஒரு டிக்.

ஒரு வரியில் திருத்திவிடலாம். திருத்தினேன். என் கம்ப்யூட்டரில் சோதித்தேன். சரியாக வேலை செய்தது. பிறகு அந்த ஆசிரியைக்கு, எங்களால் அந்தக் கோளாறை மறுபடி வரவழைக்க முடியவில்லை, மன்னிக்கவும் என்று எழுதிப் புகாரை முடித்தேன். திருத்தத்தை யாருக்கும் அனுப்பவில்லை. பிரிந்து போனவர்களுக்குத் திருத்தங்களை அனுப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. உரிமத்திலேயே இருக்கிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று. அவர்கள் படித்திருப்பார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, புகாரை மூடியதுதான் என் குற்றம் என்று நீங்கள் நினைக்கலாம். தம்பி அப்படித்தான் நினைக்கிறான். அவனை அப்படி நினைக்க விட்டிருக்கிறேன்.

அவள் ஒரு முற்பகலில் மாடிக்கு வந்தாள். கையில் ஹெட்ஃபோன். என் மேஜையின் ஓரத்தில் வழக்கம்போல ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"அக்கா, ஒரு டிக் வருது. கம்பியைப் பிடுங்குறப்ப. ஊசி விழுற மாதிரி. எங்கேருந்து வருதுன்னே புரியல."

"எந்த இழையில?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்வியை நான் எவ்வளவு மென்மையாகக் கேட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்து வைத்தேன். அவள் உள்ளே வந்திருக்கலாம்.

கால் ஆடுவது ஒரு கணம் நின்றது. "நம்மதுலதான், வேற எதுல?" என்றாள். சிரித்தாள்.

நான் சொன்னேன்: "டிக் ஒருதடவைதான் வருதுன்னா பிடிக்க முடியாது. சுருதியைப் பூஜ்யத்துக்கு எறக்கிட்டுக் கம்பியைப் பிடுங்கு. டிக் வந்ததும் இழையை மூடிடாத, மூடினா அந்த நெலமை கலைஞ்சிடும். எதிரொலிப் பெட்டியை அதுக்கே திருப்பி மாட்டு. அப்புறம் சுருதியை மேல கொண்டுவா. சத்தம் திரும்பத் திரும்ப வரும், நிதானமா கேக்கலாம். ஸ்பீக்கர்ல வேணாம், ஹெட்ஃபோன்ல கேளு."

"திருப்பி மாட்டினா வளருமே அக்கா?"

"காவல் இருக்கே."

"ஆமால்ல. முழுசா ஏத்தி வச்சுக் கேக்கறேன்" என்று குதித்து இறங்கினாள். வாசலில் திரும்பி, "நீங்க இல்லன்னா நான் என்னதான் பண்ணுவேனோ" என்றாள்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, நான் சொன்னதைச் சொல்கிறேன். ஒலியில் வேலை செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும், ஒற்றை டிக்கைப் பிடிக்க அதுதான் வழி என்பார்கள். பொய் சொன்னது அவள்.

ஜன்னல் ஓரம் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கீழே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். தரையில் கிடந்த ஹெட்ஃபோன் அப்போதும் கத்திக்கொண்டிருந்தது, அறைக்கு வெளியிலேயே கேட்டது. இழையை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். வழியெல்லாம் என் தோளில் தலையை வைத்திருந்தாள். "அக்கா, பேசுங்க, ஏதாவது பேசுங்க" என்று கத்தினாள். பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது அந்த ஐந்தாறு பேரும் ஆசிரியையின் புகாரைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஏன் மூடினீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார்கள். வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று ஒருவர் எழுதிவிட்டார். இதற்காகத்தான் மாடி ஏறி வந்திருக்கிறார்கள்.

தம்பி கோப்பையைக் கீழே வைத்தான். "அக்கா, கவனிக்காம மூடிட்டேன், தப்பு நடந்துபோச்சுன்னு ரெண்டு வரி எழுதிடு. அதோட விட்டுடுவாங்க. வீட்டு விஷயம் ஊர் சிரிக்க வேணாம்."

அவள் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினாள்.

"நான் ஒங்ககிட்ட மறைச்சேன். அது பெரிய தப்பு. ஆனா அன்னிக்கு அந்த டிக் என்னன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இல்லக்கா? தெரியாதுன்னு எழுதிடுங்க. நான் நம்பிடுவேன்."

அவளுக்குத் தெரியும் என்று அப்போது புரிந்தது. தம்பியிடம் எதையும் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. விவகாரத்தை முடிக்க அல்ல, தனக்காகவே அந்த இரண்டு வரியைக் கேட்கிறாள். வாழ்நாள் முழுதும் ரீங்காரத்தோடு இருக்கப் போகிறவள், அதற்கு அடியில் வேறு எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று கேட்கிறாள். கொடுத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தெரியாது என்று என்னால் எப்படி எழுத முடியும்? என் எழுத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. எழுதினால், என் இயந்திரத்தைத் தூக்கிவிட்டது நல்ல முடிவு என்று அவர்கள் சொன்னது சரியாகிவிடும். அவள் என்னிடம் பொய் சொன்னாள். நான் அவளிடம் சொன்னதில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் மிஞ்சியிருக்கும் வித்தியாசம் அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொண்டு இருப்பது?

கோப்பைகளை எடுக்க எழுந்தேன். அவளுடையது காலியாக இருந்தது.

"சர்க்கரை போட மறந்துட்டேன். சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க ஏற்கெனவே கஷ்டத்துல இருக்கீங்கன்னு..." என்றாள்.

கோப்பையை வாங்க அவளுடைய வலப்பக்கம் போய்க் குனிந்தேன். "அதை எழுத மாட்டேன்மா" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் அசையவில்லை. இன்னும் நான் பதில் சொல்லக் காத்திருப்பவளைப் போல, காலியாக இருந்த என் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியின் முகம் மாறியதைக் கண்டு, "அக்கா ஏதாவது சொன்னாங்களா?" என்று அவனைக் கேட்டாள். பக்குவமாகத்தான் சொன்னேன்.