ஹோபர்ட்டின் துப்பாக்கிக்குள் இருந்தவை

மழை வருவதற்கு முந்தின நாள் என் இடது தோள் வலிக்கும். இன்று காலையிலிருந்து வலிக்கிறது. ஆகவே நாளை இரும்புத் தட்டுகளை வெளியே அடுக்க வேண்டாம், துருப்பிடிக்கும். சுரங்கத்தில் மேற்கூரைப் பாறை என் மேல் விழுந்த நாளில் கிடைத்த தோள் இது. இருபத்தொரு வருடமாக வானிலை அறிக்கையைவிட ஒழுங்காக வேலை பார்க்கிறது.

வெல்மா, வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது என்று போன வருட ஸ்கோர் தாள்களைக் கொடுத்தீர்கள். "பின்பக்கம் எழுது ராய்ஸ். நடந்தத நடந்த மாதிரி எழுது. கதை விட்டியோ, நானே வந்து கிழிச்சுப் போட்டுருவேன்" என்றீர்கள். கிளப் கமிட்டியில் இருக்கும் நீங்கள் மூன்று பேரும் எல்லாம் அறிந்தவர்கள். ஆனால் மாநிலச் சங்கத்துக்கும் ஒரு நகல் போகும் என்கிறீர்கள். அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது என்பதால் முதலிலிருந்தே வருகிறேன்.

நம் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் இரண்டு வகுப்பு. கடையில் பெட்டியிலிருந்து எடுத்தது எப்படியோ அப்படியே இருக்கும் கைத்துப்பாக்கிகளுக்குப் பெட்டி வகுப்பு. அதில் ஒரு திருகாணிகூட மாறியிருக்கக் கூடாது. வேறு கம்பெனி பாகங்களை வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்குத் திறந்த வகுப்பு. ஐந்து இரும்புத் தட்டுகள். யார் சீக்கிரம் விழத்தட்டுகிறாரோ அவருக்கு வெற்றி. புதுப் பாகம் மாட்டியவன் ஓர் அட்டையில் அதை எழுதிப் பலகையில் குத்த வேண்டும், மாட்டிக்கொடுத்தவன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கி திறந்த வகுப்பு. திரும்பி வர வழி கிடையாது. வருடக் கடைசியில் ஒவ்வொரு வகுப்பிலும் ஜெயித்தவன் பெயரைப் பித்தளையில் வெட்டிக் கிளப் சுவரில் அடிப்போம். ஹோபர்ட் மல்லின்ஸுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை அந்தச் சுவர்தான். வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஹோபர்ட்டும் நானும் ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட், இருபத்தாறு வருடம். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே அலமாரியிலிருந்து ஒரே மாதிரி ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி வாங்கினோம். நான் என்னுடையதைச் சமையலறை மேஜையில் பிரித்துப் போட்டு, மாட்டி, மறுபடி பிரித்து வேலை கற்றுக்கொண்டேன். அவனும் ஒருமுறை பிரித்தான். ஒரு ஸ்பிரிங் துள்ளிக் கம்பளத்துக்குள் போனது. மறுநாள் அவன் மனைவி ஆர்லீனின் வாக்குவம் கிளீனர் அதை விழுங்கியது. அதோடு சரி. அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்வதிலிருந்து பாகம் மாட்டுவது வரை என் வேலை. கூலியாக ஆர்லீன் இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டி ஒரு டஜன் சுட்டுக் கொடுத்தனுப்புவாள். நல்ல ரொட்டி. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன் அவன் முதல் பாகத்தைக் கொண்டுவந்தான். சியர் என்பார்கள். நகம் அளவு எஃகுத் துண்டு. ட்ரிக்கரை இழுத்து முடிக்கும்வரை, குண்டைத் தட்டும் சுத்தியைப் பிடித்து நிறுத்திவைப்பது அதுதான்.

"டேய், இதப் போட்டுக் குடுடா. ட்ரிக்கர் வெண்ணெய் மாதிரி ஆயிருமாம்."

"உனக்கு எதுக்கு வெண்ணெய்? இருக்கிற கொழுப்பு பத்தலையா?"

"நீ போட்டுக் குடு, அப்புறம் பாரு சுவத்துல யாரு பேருன்னு."

இரண்டு மாலை உட்கார்ந்து அதைப் பொருத்தினேன். இழுத்துப் பார்த்தேன். உருளைக்கிழங்கில் விட்ட முளையைக் கிள்ளினால் எப்படி வருமோ, அப்படி வந்தது. பாகம்தான் நல்லதா, அல்லது அவன் துப்பாக்கியின் வாகா என்று எனக்குச் சந்தேகம். ஒழுங்கான வேலைக்காரனுக்கு இந்தச் சந்தேகம் வர வேண்டும். ஆகவே அதைக் கழற்றி என்னுடையதில் போட்டுப் பார்த்தேன். பாகம்தான் நல்லது.

அவன் துப்பாக்கியைத் திறந்தபடி வைக்க முடியாது. ஸ்பிரிங்குகள் சிதறும். பழைய சியரையே அதில் தற்காலிகமாக மாட்டிவைத்தேன். சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து நின்றான். முன்பே வந்தது அவன். எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் பின்னால் போய் மரக்கட்டையைப் பார்த்து ஆறு தரம் சுட்டான்.

"ராய்ஸ், நீ மந்திரவாதிடா."

"வித்தியாசம் தெரியுதா?"

"தெரியாம? என் விரல் என்ன விறகுக்கட்டையா?"

முகமெல்லாம் சிரிப்பு. அந்த நேரத்தில் ஒரு மனிதனிடம் போய், உன் துப்பாக்கியில் எதுவும் மாறவில்லை என்று சொல்வதை நான் கொடூரம் என்று நினைக்கிறேன். அவன் சந்தோஷத்தை வாங்க வந்தான். அது கிடைத்தது. பாகம் எங்கே இருக்கிறது என்பது கணக்கு வழக்கு விஷயம்.

அட்டையில் "சியர் மாற்றப்பட்டது" என்று எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன். பொய்க் கையெழுத்து என்று நீங்கள் சொல்ல முடியாது. சியர் மாற்றப்பட்டுத்தான் இருந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கம்பிக்குப் பதில் எஃகுக் கம்பி, அதற்கேற்ற ஸ்பிரிங், சுத்தி ஸ்பிரிங், கடைசியாகக் குழல். கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் நேர்மையாக அவனுடையதிலேயே மாட்டினேன்: பச்சையாக மின்னும் முன்குறி, சிவப்பு ட்ரிக்கர், சொரசொரப்பான கைப்பிடித் தகடு. பார்க்க அழகாக இருந்தது. கல்யாண வண்டி மாதிரி ஜோடித்திருந்தான். உள்ளே போக வேண்டியவை மட்டும் என்னிடம் தங்கின.

நான் பெட்டி வகுப்பிலேயே இருந்தேன். விதியை எடுத்துப் படியுங்கள். "வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் இருக்கக் கூடாது" என்று இருக்கிறது. என்னுடையது வெளிப்பார்வைக்கு வாங்கிய அன்று எப்படியோ அப்படி. வருடா வருடம் நீங்கள் மூவரும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தீர்கள். ஒருமுறைகூட உள்ளே என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நம்புகிறேன்.

பெட்டி வகுப்பில் நான்கு வருடம் தொடர்ந்து ஜெயித்தேன். நான்கு பித்தளைத் தகடும் சுவரில் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஹோபர்ட். கைதட்டலில் அவன் சத்தம்தான் அதிகம். திறந்த வகுப்பில் அவன் ஆறாவது, ஏழாவது, மறுபடி ஆறாவது. அங்கே பல் டாக்டர்களும் வக்கீல்களும் வருகிறார்கள். அவர்கள் துப்பாக்கிக்குக் கொடுத்த காசில் நான் ஒரு பிக்கப் வண்டி வாங்குவேன். அவர்களோடு இவன் பெட்டித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஆறாவது வந்தான் என்பதை யோசித்தால் எனக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது.

ஒரு குளிர்காலத்தில் பொழுது போகாமல் பழைய தாள்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். திறந்த வகுப்பில் ஹோபர்ட் எடுத்த நேரம் நான்கு வருடமும் பெட்டி வகுப்பில் நான் எடுத்ததைவிடக் குறைவு. அவன் பெட்டி வகுப்பிலேயே இருந்திருந்தால் அந்த நான்கு தகட்டிலும் அவன் பெயர்தான். இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கணக்குத் தெரிந்தவன் என்று பீற்றிக்கொள்வதுபோல இருக்கும்.

போன வசந்தத்தில் போட்டி முடிந்து என் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹோபர்ட் ஆரம்பித்தான்.

"துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல ராய்ஸ். நீ பண்ண வேலை தங்கம். அப்ப குத்தம் யாரு மேல?"

"காத்து மேல."

சிரித்தான். ஆனால் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஜூன் மாதம் அவனை டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ஆர்லீனுக்கு நெடுஞ்சாலை என்றால் பயம். டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படம் பார்த்தார்.

"நரம்பு கொஞ்சம் அழுந்தியிருக்கு. உங்க வேலைக்கு இது சகஜம். இந்தக் கைய வச்சுக்கிட்டு இன்னும் இருபது வருஷம் ஓட்டலாம். அறுவைக்கு அவசரமே இல்ல. பழைய காயம் ஏதாவது உண்டா?"

"சுரங்கத்துல ஒருத்தன் மேல பாறை விழுந்துச்சு. மூணு மணி நேரம் தோண்டுனேன். மண்வெட்டி உள்ள போகாது, கையாலதான்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த ஒருத்தன் யார் என்று அவர் கேட்கவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் மீன்பிடிப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெட்டிருங்க டாக்டர்" என்றான் ஹோபர்ட். "துப்பாக்கில மாத்த வேற ஒண்ணும் பாக்கியில்ல. குழல், ஸ்பிரிங், சியர், எல்லாம் மாத்தியாச்சு. இனிமே மாத்துறதுன்னா கைதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அவரோட சிநேகிதர். நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு மனிதனின் உடம்பு அவன் சொந்த விஷயம். அதில் மூக்கை நுழைப்பது எனக்குப் பழக்கம் இல்லை. "அவன் இஷ்டம்" என்றேன். அங்கே தொங்கிய கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் ஓடியது. அதை மட்டும் வெளியே இருந்த பெண்ணிடம் சொன்னேன்.

அறுவை சிகிச்சை சரியாகப் போகவில்லை. சில சமயம் அப்படி ஆகும் என்று முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி வரவில்லை. அந்தக் கை இப்போது மூடாது. ஐந்து வாரம் தினமும் பீன்ஸ் சூப் கொண்டுபோனேன். சட்டைப் பித்தான் போட்டுவிட்டேன். ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஆர்லீன் ஒருநாள் ஆப்பிள் கேக்கை வெட்டி என் தட்டில் வைத்தபடி, "உங்கள மாதிரி ஒரு ஆள் கிடைக்க நாங்க என்ன புண்ணியம் பண்ணமோ ராய்ஸ்" என்றாள். இன்னொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுத்தால் மனம் புண்படும்.

போன சனிக்கிழமை நடந்ததற்கு நீங்களே சாட்சி. மாநிலத்துக்காக எழுதுகிறேன். இனிச் சுட முடியாது என்று ஹோபர்ட் தன் துப்பாக்கியை விற்றான். பக்கத்து மாவட்டத்திலிருந்து கெய்லா என்ற பெண் வந்து வாங்கினாள். லாரி மெக்கானிக். எதை வாங்கினாலும் அங்கேயே பிரித்துப் பார்க்கிற ஜாதி. கிளப் மேஜையில் துண்டை விரித்துப் பிரித்தாள். பலகையில் இருந்த அட்டைகளைப் பார்த்தாள். மறுபடி துண்டைப் பார்த்தாள்.

"அட்டையில எஃகுக் கம்பின்னு போட்டிருக்கு. இது பிளாஸ்டிக். ஸ்பிரிங்கும் கம்பெனி ஸ்பிரிங். சியரும் அதே. மல்லின்ஸ் ஐயா, இதுல வெளியில ஒட்டுன சாமானத் தவிர ஒண்ணுமே மாறலையே."

அந்தத் துப்பாக்கியைத் திறக்கிற ஒரே ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஹோபர்ட்தான் முதலில் பேசினான்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான். போலிச் சாமான அனுப்பியிருக்கான். ராய்ஸ் என்ன பண்ணுவான் பாவம், அவனும்ல ஏமாந்திருக்கான்."

இது எனக்கு வசதியான விளக்கம். நான் தலையாட்டினேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கெய்லா என் இடுப்பிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள்.

"உங்களுதையும் கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன், பெரியவரே."

இரண்டு நிமிடத்தில் என்னுடையதும் துண்டின் மேல் கிடந்தது. நான் நன்றாகப் பராமரிப்பவன். எல்லாம் பளபளத்தன. ஹோபர்ட் கிட்டே வந்தான். இடது கையால் எஃகுக் கம்பியை எடுத்துப் பார்த்தான், கீழே வைத்தான். கெய்லாவிடம், "மாட்டும்மா" என்றான். என்னுடையதை மாட்டிக் கொடுத்தாள். குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டு, இடது கையாலேயே சுவரை நோக்கி ஒருமுறை ட்ரிக்கரை இழுத்தான். அந்தப் பக்கம்தான் என் நான்கு தகடும் இருக்கின்றன.

"வெண்ணெய் மாதிரிதான் இருக்கு" என்றான்.

"ஆமா" என்றேன். அது உண்மை.

துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனான். காரின் கதவை இடது கையால் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உதவப் போகலாம் என்று எழுந்தேன். வெல்மா, நீங்கள்தான் "உக்காரு" என்றீர்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஹோபர்ட் மல்லின்ஸின் பாகங்களை நான் எடுத்தேன், அவன் துப்பாக்கியில் பழையவற்றை மாட்டினேன், ஐந்து வருடம் சொல்லவில்லை. தகடுகளைக் கழற்றுவதாக இருந்தால் கழற்றுங்கள். ஆணி ஓட்டைகளுக்கு மரப்பசை போடுங்கள், இல்லாவிட்டால் குளிர் உள்ளே வரும்.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கிறேன். இந்தத் தாள்களோடு ஒரு சுருட்டுப் பெட்டி இருக்கிறது. அதில் குழல் ஒன்று, எஃகுக் கம்பி ஒன்று, அதன் ஸ்பிரிங் ஒன்று, சுத்தி ஸ்பிரிங் ஒன்று. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். சியரை மட்டும் வைக்கவில்லை. வரும் சனிக்கிழமை பன்றித்தொடைப் போட்டி, ஜெயித்தவனுக்கு உப்பிட்ட தொடை பரிசு. அதற்கு வகுப்புக் கிடையாது, யார் எந்தத் துப்பாக்கியோடும் வரலாம் என்பதால் இதில் எந்த விதிமீறலும் இல்லை. ஜெயித்தால் தொடையில் பாதி ஹோபர்ட் வீட்டுக்கு. துண்டு போட்டே கொண்டுபோவேன், அவனால் கத்தி பிடிக்க முடியாது. திங்கட்கிழமை சியரையும் கொடுத்துவிடுவேன்.

அதுவரை நான் ஹோபர்ட்டுக்குத் தர வேண்டிய பாக்கி, சியர் ஒன்று. அதைத் தவிர வேறெதுவும் இல்லை.